கொதிக்க வைத்துக் கொடுத்தேன்

நான்காம் வகுப்புக் குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுத்தபோது எல்லாரையும் சிரிக்கச் சொன்ன டீச்சர், என் மகளிடம் மட்டும் "நீ வாய மூடிக்கோ கண்ணு, போட்டோ நல்லா வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக் கழற்றிக்கொண்டே அதை ஒரு சேதி மாதிரிச் சொன்னாள். நான் அன்றே பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த டீச்சரை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்க வேண்டும். போகவில்லை. மகளைத்தான் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஒழுங்கா வெளக்கியிருந்தா இந்தப் பேச்சு வருமா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இதை எழுதும்போதுகூட என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

அவளுக்குப் பால் பற்கள் நன்றாகத்தான் இருந்தன. ஏழு வயதில் முளைத்த முன்பற்கள் இரண்டும் சாக்பீஸைத் தடவியது போலத் திட்டுத் திட்டாக வந்தன. ஆறு மாதத்தில் அந்தத் திட்டுகள் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகிவிட்டன. கழுவாமல் வைத்த டீ கிளாஸின் அடியில் படிந்திருக்குமே, அந்த நிறம். பக்கத்துப் பற்கள் முளைத்தபோது அவையும் அதே கோலத்தில் வந்தன.

நான் விடவில்லை. பேஸ்ட் வைத்துத் தேய்த்துவிட்டு அதன்மேல் உப்பு வைத்துத் தேய்க்கச் சொன்னேன். அடுப்புக்கரியை இடித்துச் சலித்து வைத்தேன். எலுமிச்சம்பழத் தோலைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தேன். ஈறு கிழிந்து ரத்தம் வந்ததே தவிரக் கறை இம்மி அசையவில்லை. பொள்ளாச்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீருக்குப் போனபோது ஒருவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு புஸ்தகத்துல படிக்கலியா அம்மிணி?" என்று நாலு பேர் நடுவில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அன்று பந்தியில் உட்காரவே இல்லை.

இத்தனைக்கும் எனக்குப் பற்கள் வெள்ளைவெளேரென்று இருக்கும். அதுதான் என் திமிருக்குக் காரணம். நான் பிறந்தது வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலைச்சரிவில் ஊற்று இருந்தது. அதிலிருந்து குழாய் போட்டு விட்ட தண்ணீரைத்தான் குடித்து வளர்ந்தோம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் தள்ளியிருக்கும் இந்தத் தமிழ் ஊரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது, வந்தவர்கள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை. ஏதோ வேடிக்கை பேசி என்னைச் சிரிக்க வைத்தார்கள். நான் சிரித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றே வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊர்க்காரர்கள் பெண்ணெடுக்கப் போனால் முதலில் பல்லைத்தான் பார்ப்பார்கள் என்று. தங்கள் பல் இப்படியிருப்பது குடும்ப வாகு, வெளியிலிருந்து வெள்ளைப் பல்காரியைக் கொண்டுவந்தால் அடுத்த தலைமுறை சரியாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல என்னையும் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். அப்போது கோபப்படத் தெரியவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் பல்லும் பழுப்புத்தான். ஆனால் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ ஜாதிக்காரர்களுக்கு ஒரே குடும்ப வாகு எப்படி வரும் என்று பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்த நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இனிமேல்தான் என் பெரிய லட்சணம் வருகிறது. நான் இந்த ஊர் அங்கன்வாடியில் டீச்சர். குழந்தைகளுக்குக் கஞ்சி வைப்பது, எடை பார்ப்பது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, மாதத்துக்கு ஒருமுறை தாய்மார்களைக் கூட்டி வைத்துச் சுகாதாரம் பேசுவது எல்லாம் என் வேலை. கேரளத்தில் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாரும் குடிப்பதில்லை. கல்யாணப் பந்தியிலும் வெதுவெதுப்பான தண்ணீர்தான் வரும். அதையே நாங்களும் பழகிக்கொண்டோம். அதோடு எங்கள் பக்கத்துப் புத்தி ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். கஷாயமென்றால் வற்ற வேண்டும் அல்லவா? அதனால் குழந்தைக்குக் கொடுக்கிற தண்ணீரும் வற்ற வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். நாலு சொம்பு ஊற்றினால் மூன்று சொம்பாக எடுக்க வேண்டும். "வத்துனாத்தான் சத்து" என்பார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஒவ்வொரு கூட்டத்திலும் நானே எழுந்து நின்று, "சும்மா ஒரு கொதி வந்ததும் எறக்கீராதீங்க, நல்லா வத்த விடுங்க" என்று பாடம் எடுத்தேன். என் வீட்டில் மகளுக்கு அப்படித்தான் கொடுத்தேன். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது பால்மாவு கரைத்ததும், ராகிக்கூழ் காய்ச்சியதும், வாயைத் துடைத்ததும் அந்தத் தண்ணீரில்தான். பிறகு பிறந்த மகனுக்கும் அதையே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை முகாம் வைத்தார்கள். மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன். பாலக்காட்டிலிருந்து வந்த டாக்டர் சின்னப் பெண். மகள் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நான் முந்திக்கொண்டேன்.

"வெளக்கவே மாட்டீங்கறா டாக்டர். நீங்களாச்சும் நல்லா நாலு சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசினார். "இது தேய்க்காம வந்த கறையல்ல சேச்சி. இவ நல்லாத் தேய்க்கிறா. ஈறுதான் தேஞ்சு போயிருக்கு, இத்தனை அழுத்தித் தேய்க்க வேண்டாம். வீட்ல குடிக்கிறது எந்தத் தண்ணி?"

"போர்த் தண்ணிங்க. ஆனா பச்சைத் தண்ணி குடுக்கறதேயில்லீங்க. நல்லா வத்த வெச்சுத்தானுங்க குடுக்கறேன்." அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை!

டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடு என்று ஓர் உப்பு இருக்கிறது, கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லது, அளவு மீறினால் பல் உருவாகும்போதே அதைக் கெடுத்துவிடும் என்றார். பல் வெளியே வருவதற்குப் பல வருஷம் முன்பே ஈறுக்குள் உருவாகத் தொடங்கிவிடுமாம். இவள் பல் கெட்டது ஏழு வயதில் இல்லை, கைக்குழந்தையாக இருந்தபோது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது என்றார். பிறகு, மலையாள வழக்கில் தண்ணீரை வெள்ளமென்று சொல்லி, அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "வெள்ளம் ஆவியாப் போகும் சேச்சி. உப்பு பாத்திரத்திலதானே இருக்கும்? வத்த வத்த இன்னும் கூடும்."

எனக்கு அதைப் புரிய வைக்க ஒரு டாக்டர் பாலக்காட்டிலிருந்து வர வேண்டியிருந்தது! சாம்பார் சுண்டினால் உப்புக் கரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அடுப்படியில் எத்தனை முறை அதற்காக ஒரு கரண்டி வெந்நீர் விட்டிருக்கிறேன்! குழம்பில் தெரிந்தது குடிதண்ணீரில் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சுகாதாரம் சொல்லக் கிளம்பிய நான், சம்பளம் வாங்கிக்கொண்டு வேலியாக நின்று பயிரை மேய்ந்திருக்கிறேன்.

மகளின் பல்லுக்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை, வளர்ந்த பிறகு மேலே பூசி மறைக்கலாம் என்றார் டாக்டர். பிறகு என் இடுப்பில் இருந்தவனின் கன்னத்தைத் தட்டினார். "இவனுக்கு விழுந்து முளைக்கிற பல்லு இப்பத்தான் உள்ளே உண்டாயிட்டிருக்கு. இன்னிக்கே தண்ணியை மாத்துங்க." அவன் டாக்டரைப் பார்த்துச் சிரித்தான். அரிசி மாதிரி ஆறு பால் பற்கள் இருந்தன. இவன் வாயையாவது காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர அப்போது என் தலைக்குள் வேறொன்றும் இல்லை.

மறுநாள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். எங்கள் போர்த் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தேன். உள்ளே இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, "இது டெஸ்ட் பண்ணினதாச்சே" என்று சர்வசாதாரணமாகச் சொல்லி ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார். பரிசோதனை இரண்டு முறை நடந்திருக்கிறது. ஃப்ளோரைடு அளவுக்கு மேல் என்று இரண்டு முறையும் எழுதியிருக்கிறார்கள். குடிக்க ஏற்றதல்ல என்று மலையாளத்தில் எழுதி அடியில் கோடும் போட்டிருந்தார்கள். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியும். முதல் தாளின் தேதியைப் பார்த்தேன். அது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்த வருஷம்.

நான் அந்த ஆபீசில் கத்தியது வெளியே டீக்கடை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கேட்கட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் ஓர் ஊர்க் குழந்தைகளின் பல்லை ஒரு ஃபைலுக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். அந்தத் தாளை அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருந்தால்கூடப் போதும், நானே படித்திருப்பேன். ஆற்றுத் தண்ணீர் வரப்போகிறது என்று தெருத்தெருவாகக் குழாய் நட்டு, நட்ட அன்று படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். ரோட்டை ஒட்டிய தெரு வரைக்கும்தான் தண்ணீர் வந்தது. மேட்டுத் தெருவான எங்களுக்குக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுத்தான் வரும்.

என் சத்தம் கேட்டு வார்டு மெம்பர் வந்தார். எங்கள் தெருக்காரர்தான், பெரிய மனுஷர், நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பவர். என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஏனுங்க டீச்சர், வெவரம் தெரிஞ்ச நீங்களே இப்படிக் கத்தலாமுங்களா? தண்ணி கெட்டதுன்னு வெளிய தெரிஞ்சா நம்மூர்ல பொண்ணெடுக்க எவன் வருவான்? நம்மூருக்குப் பொண்ணுத்தான் எவன் குடுப்பான்?"

"அதுக்காகச் சொல்லாம இருந்துட்டீங்களா?"

"மாத்துத் தண்ணிக்கு வழியில்லாம சொல்லி என்னாவறதுங்க? சனம் பயந்துதான் போகும். குழா வரட்டும், வந்தா எல்லாஞ் செரியாப் போயிரும்."

அவருக்கும் பழுப்புப் பல்தான். அவர் பேரனுக்கு என் அங்கன்வாடியில்தான் கஞ்சி ஊற்றுகிறேன். இதையெல்லாம் தெரிந்துகொண்டே அந்த மனுஷர் சம்பந்தம் கெட்டுப்போகுமென்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். "உங்க பேரனுக்குப் பல்லு விழுந்து மொளைக்கறப்ப அவன் வந்து உங்களக் கேப்பான், அப்ப இதையே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரியவரிடம் அப்படிப் பேசியது தப்பு என்று என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். படுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெம்பர் மறைத்தார், ஆபீஸ் மறைத்தது. ஆனால் வற்ற வைக்கச் சொன்னவள் நான். அதை ஃபைலில் போட்டு மூட முடியாது. எங்கள் அங்கன்வாடிக்கு வரும் குழந்தைகள் பதினாறு பேர். கூட்டம் போட்டு மைக்கில் சொல்கிற காரியம் இல்லை இது என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நாஞ் சொன்னது தப்புங்க. வத்த வெக்காதீங்க. அந்தத் தண்ணியே குழந்தைகளுக்கு வேண்டாம்" என்று சொன்னேன்.

சுலபமாக இருக்கவில்லை. ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள், அதுவும் அதே தண்ணீரில் போட்ட டீ. ஒரு வீட்டில், பல்லை விளக்காத சோம்பேறித்தனத்துக்குத் தண்ணீர் மேல் பழி போடுகிறேன் என்றார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நானே மகளுக்குச் செய்ததுதானே அது. கடைசி வீட்டில் ஒரு பெண் அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, ஆறு வயது மகனைக் கூப்பிட்டு அவன் உதட்டை விலக்கிக் காட்டினாள். புதிதாக முளைத்த பல் வெள்ளைத் திட்டோடு எட்டிப் பார்த்தது.

"நீங்க சொன்னீங்கன்னுதானுங்க டீச்சர் வெறகு செலவானாப் போகுதுன்னு வத்த வெச்சேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் நானும் இரண்டு திட்டிவிட்டு வந்திருப்பேன், மனம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதை ஊரே பார்க்கிறது. ரோட்டை ஒட்டிய தெருக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில், ஸ்கூட்டரில் முன்னால் ஒரு கேனும் பின்னால் ஒரு கேனும் வைத்துக் கொண்டுவருகிறேன். வீட்டுக்கு ஒன்று, அங்கன்வாடிக் கஞ்சிக்கு ஒன்று. ஒரு கொதி வந்ததும் அணைத்து மூடிவிடுகிறேன். சில தாய்மார்களும் என்னோடு வந்து பிடிக்கிறார்கள். சிலர் இன்னும் வற்ற வைக்கிறார்கள். அங்கன்வாடிச் சுவரில் 'கொதிக்க வைத்த தண்ணீரையே குடியுங்கள்' என்ற படத்துக்குக் கீழே, 'நம் ஊர் போர்த் தண்ணீருக்கு இது பொருந்தாது' என்று பேனாவால் எழுதி வைத்தேன். சூப்பர்வைசர் வந்து அரசாங்கப் படத்தில் கிறுக்கக்கூடாது என்றார். ஃபைலில் கிறுக்கியதை முதலில் வெளியே எடுங்கள், அப்புறம் இதை அழிக்கிறேன் என்றேன். இன்னும் அழிக்கவில்லை. மகனுக்கு என்னென்ன பல் எப்படி வரப்போகிறது என்று ஏழு வயது வரை தெரியாது. முதல் ஒன்றரை வருஷத்தை நானே கெடுத்துவிட்டேன், மிச்ச வருஷங்களுக்குத்தான் இந்தக் கேன்.

ஒரு சாயங்காலம் தண்ணீரோடு வந்து, கேனை இறக்கிக்கொண்டே மெம்பரைத் திட்டிக்கொண்டிருந்தேன். குழாயடியில் அன்றும் அவரைப் பார்த்திருந்தேன். "தப்புன்னு தெரிஞ்சும் ஒத்த வார்த்தை சொல்லோணும்னு தோணலியே அந்த மனுசனுக்கு! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று என் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தேன். மகள் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"எல்லாத்து ஊட்டுக்கும் போயி நாஞ் சொன்னது தப்புன்னு சொல்லீட்டு வந்தியே. எங்கிட்ட எப்பம்மா சொல்லுவே?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று கேட்க வாயெடுத்தேன். பதினாறு வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். முகாமிலிருந்து வந்த நாளிலிருந்து மாதக்கணக்காக இவளோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். டாக்டர் சொன்னதை அவளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள், அதனால் அவளுக்குத்தான் தெரியுமே என்று நான் நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. அப்படி நினைத்ததாகக்கூடச் சொல்ல முடியாது. எனக்குத் தோன்றவே இல்லை.

கேனைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். "நீ நல்லாத்தான் வெளக்குனே கண்ணு. நாந்தான் தப்பு. அடிச்சது தப்பு" என்றேன். அவள் தம்பியின் வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த உருண்டையைப் பிசைந்தபடி கேட்டாள்.

"எல்லா அடியுமா?"